கிரீடத்தின் மேல் ஒரு சும்மாடு

வட்டாட்சியர் அலுவலகத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. சிலையம்மா. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்களும் இல்லை. ஆடாமல் அசையாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் வந்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். நாமக்கல் பக்கத்தில் சிலை வைக்க வேண்டும், சிலையை நகர்த்த வேண்டும், சிலையின் மூக்கு உடைந்துவிட்டது, சிலையின் கையில் யாரோ கொடியைச் செருகிவிட்டார்கள் என்று எந்தக் காகிதம் வந்தாலும் அது சுற்றிச் சுற்றி என் மேசையில்தான் வந்து விழும். துணை வட்டாட்சியராக ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் என்னை விட்டபாடில்லை.

இப்போது என் இருக்கையில் இருப்பவள் சுகன்யா. கெட்டிக்காரப் பெண். வாரத்துக்கு ஒரு தடவையாவது போன் செய்வாள். “அக்கா, மறுக்கா ஒரு பொம்பள சிலை மனு வந்திருக்குதுங்க” என்பாள். ஓர் ஊரில் ஊருக்கே பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்கு வேண்டுமாம். இன்னோர் ஊரில் மாட்டு வண்டி பூட்டிக்கொண்டு போய்ப் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அள்ளிவந்த டீச்சருக்கு வேண்டுமாம். ஒவ்வோர் ஊரும் திடீரென்று தன் பெண்களை நினைத்துக்கொள்கிறது. என் காலத்தில் சிலை மனு என்றால் கோட்டு, கண்ணாடி, நீட்டிய விரல், அவ்வளவுதான். பெண் சிலைக்கு மாதிரிக் கோப்பு வேண்டுமென்று சுகன்யா பழைய கோப்பு ஒன்றைத் தேடி எடுத்துப் படித்திருக்கிறாள். “எல்லாக் காயிதமும் இருக்குதுங்க்கா, ஆனா என்ன நடந்துச்சுன்னு மட்டும் ஒண்ணும் வெளங்குலீங்க” என்றாள். கோப்பு அப்படித்தான் இருக்கும். நடந்ததை நான் சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் தபால் பிரித்தது, தட்டச்சு அடித்தது, சாதிச் சான்றிதழ் வாங்க வந்தவர்களிடம் திட்டு வாங்கியது எல்லாம் எல்லோருக்கும் உள்ள கதை. எனக்கு மட்டும் வாய்த்த கதை வட்டாட்சியர் பழனிவேல் சார். நெடுநெடுவென்று உயரம். மழையோ வெயிலோ கையில் குடை. குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மனுவைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வாசிப்பார். கண்ணாடி எதற்கென்று கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. சிலை மனு வந்தால் யாருடைய சிலை, எந்தக் கட்சி, பின்னால் யார் என்று மற்ற அதிகாரிகள் கேட்பார்கள். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: “எங்க நிக்கப் போகுது?”

பதில் வந்ததும் ஜீப் கிளம்பும். ஜீப்பில் அலுவலக ஸ்டூலும் ஏறும். சிலை வரப்போகும் இடத்தில் ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் ஓர் ஆளை ஏற்றி நிற்க வைப்பார். அவர் எதிர்ப்புற டீக்கடையில் குடையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். இதுதான் அவருடைய இட ஆய்வு. எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத ஆய்வு. முதலில் அலுவலக உதவியாளர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முட்டி வலி வந்ததும் பதவி எனக்கு வந்தது.

“அம்மிணி, நீங்க ஏறுங்க” என்றார். புதுப் புடவையோடு, பஸ் வரும் நேரத்தில், நாலு ரோடு சந்திப்பில் ஸ்டூல் மேல் நின்றேன். லாரி கிளீனர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, “ஏனுங்க, எந்தக் கட்சிங்க?” என்று கத்திவிட்டுப் போனார். ஓர் அம்மா வந்து என் காலடியில் மூட்டையை இறக்கி வைத்து, சேலம் பஸ் போய்விட்டதா என்று விசாரித்தார். ஆடு ஒன்று என் முந்தானையை மென்று பார்த்தது. கல்யாண வீட்டுக்காரர் இரண்டு பேர் என்னை நகர்ந்து நிற்கச் சொல்லிப் பின்சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்று திரும்ப முடியாமல் பின்னால் பத்து வண்டியை நிறுத்திவைத்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஜீப்பில் திரும்பி வரும்போது சார் சொன்னார்: “நமக்குக் கால் வலிச்சா எறங்கிக்கலாம் அம்மிணி. அது எறங்க முடியாது. அதுக்காவத்தான் நாம முன்னால நின்னு பாக்கறது.” அன்று மாலை அந்த மனுவுக்கு வேறு இடம் பரிந்துரைத்துக் குறிப்பு எழுதினார். மனுக்காரர்களும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்டார்கள், ஏனென்றால் நான் நின்ற கோலத்தை அவர்களும் பார்த்திருந்தார்கள்.

தேர்தல் வந்தால் எங்களுக்கு வேறு வேலை. அறிவிப்பு வந்த கையோடு தலைவர் சிலைகளுக்கெல்லாம் துணி சுற்ற வேண்டும். துணி, கயிறு, ஏணி சகிதம் தாலுகா முழுக்கச் சுற்றுவோம். எந்தத் தலைவருக்கு எத்தனை முழம் பிடிக்கும் என்று எனக்கு மனப்பாடம். விரல் நீட்டியவர்களுக்குத் துணி அதிகம் செலவாகும். அப்படி ஒரு தேர்தலில், ஏணியின் மேலிருந்து முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டேன்: “ஏனுங்க சார், இத்தன வருசத்துல ஒரு பொம்பள மொகத்தக்கூட மூடுனதில்லீங்களே நாம?”

சார் குடைக்கு அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தார். “இருந்தாத்தானே அம்மிணி மூடறதுக்கு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் தாலுகாவில் பெண்ணின் உருவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கோயிலுக்குள் போக வேண்டும், இல்லையென்றால் நகைக்கடை விளம்பரத்தைப் பார்க்க வேண்டும்.

பழனிவேல் சார் மாறுதலாகி, பிறகு ஓய்வும் பெற்றார். ஸ்டூல் என்னோடு தங்கிவிட்டது. நான் படிப்படியாக ஏறித் துணை வட்டாட்சியர் ஆனபோது ஸ்டூலின் ஒரு கால் ஆட்டம் கண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் செல்லம்மாள் வந்தார்.

அது திங்கட்கிழமை, ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் மனு கொடுக்கும் நாள்; எனக்கும் அன்று அங்கேதான் பணி. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நூறு நாள் வேலை பார்க்கும் பெண்கள் ஒட்டுக்காகச் சேர்ந்து வந்திருந்தார்கள், ஆளுக்கொரு மண் கூடையோடு. கூடையை உள்ளே கொண்டு போகக் கூடாது என்று காவலர் தடுத்தார். சரிங்க என்று வெளியே போய், கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் கிடையாது, கொடி கிடையாது. என்ன ஏதென்று பார்த்து வர என்னை அனுப்பினார்கள். முன்வரிசையில் இருந்தவர்தான் செல்லம்மாள். ஒல்லியான உடம்பு, ஏரியின் அக்கரைக்குக் கேட்கும் குரல்.

“எங்களுக்குப் பாவாயி சிலை வேணுமுங்க” என்றார்.

பாவாயி என்ற பெயர் எனக்குத் தெரியும். அந்த வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் “பாவாயி நெழல் எல்லாம் எறங்குங்க” என்று சத்தம் போடுவதைப் பல வருடம் கேட்டிருக்கிறேன். பாவாயி யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. செல்லம்மாள்தான் சொன்னார்.

வெள்ளைக்காரன் காலத்துப் பஞ்சம். ஏரி தூர் வாரும் வேலை. பெண்கள் துணியைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்து, கூடையில் மண் சுமந்து கரையில் கொட்ட வேண்டும். கைக்குழந்தைகளைக் கரை மேல் துணி விரித்து வெயிலில் கிடத்திவிட்டுத்தான் சுமப்பார்கள். அங்கே இருந்தது ஒரே ஒரு புளியமரம். அதன் நிழலில் மேஸ்திரியின் குதிரை கட்டியிருக்கும். பாவாயியின் பெண் குழந்தை அந்த வெயிலில் சுருண்டு போனது. அன்று பொழுது சாயும்போது உயிர் இல்லை. மறுநாள் காலை பாவாயி வேலைக்கு வந்தார். நேராகப் புளியமரத்துக்குப் போய்க் குதிரையை அவிழ்த்து விரட்டினார். கூடையைக் கவிழ்த்துப் போட்டு நிழலில் உட்கார்ந்தார். “இனி இந்த நெழலு புள்ளைகளுக்கு. அது வரைக்கும் மண்ணு நவுராது” என்றாராம். ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக எல்லாப் பெண்களும் கூடையைக் கவிழ்த்தார்கள். ஏரி வேலை நின்றது. துரை வந்து பார்த்தார். அதற்குப் பிறகு மரத்தடி முழுக்கத் தூளி கட்டித் தொங்கியது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவென்றே ஒரு பெண்ணையும் நியமித்தார்கள். அப்படித்தான் அந்த இடம் பாவாயி நிழல் ஆனது.

“என் ரெண்டு புள்ளைகளும் அந்த மரத்துல தூங்குனதுங்க” என்றார் செல்லம்மாள். “ரோடு அகலம் பண்றதுக்கு மரத்த வெட்டிப்போட்டாங்க. இப்பப் புதுசா போர்டு நட்டிருக்கறாங்க, ஏரிப் பிரிவுன்னு. கண்டக்டரு வாயில மட்டுந்தான் பாவாயி இருக்குது. அவரும் ரிட்டேர்டு ஆயிட்டா, அந்தப் பொம்பள இந்த ஊர்ல இருந்தான்னு சொல்றதுக்கு என்னங்க இருக்குது அம்மிணி?”

அரசு ஊழியர் போராட்டக்காரர்களோடு உட்கார முடியாது. ஆனால் மனுவை எப்படி எழுத வேண்டும், எதை முதலில் வாங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க எந்த விதியும் தடுக்கவில்லை. கிராமசபைத் தீர்மானம், இடத்துக்கு ஊராட்சியின் ஒப்புதல், காவல்துறையின் கருத்து, நெடுஞ்சாலைக்காரர்களின் கருத்து, பிறகு ஆட்சியர், பிறகு சென்னை. எல்லாவற்றையும் விரல் விட்டுச் சொன்னேன். செல்லம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அட, ஏரி தூர் வார்றதவிடச் சுலுவாத்தான் இருக்குது” என்றார்.

அது அவ்வளவு சுலபமாக இல்லை. கிராமசபையில் ஒருவர் எழுந்து, “ஊர்ல மாரியாயி இருக்குது, காளியாயி இருக்குது, இன்னும் எதுக்குங்க பொம்பள சிலை?” என்றார். இன்னொருவர், பாவாயி எந்த ஆளுங்க என்று சாதியை விசாரித்தார். “மண்ணு சொமந்த ஆளுங்க” என்றார் செல்லம்மாள். “மேக்கொண்டு தெரியோணும்னா கூடையத்தான் கேக்கோணும்.” கூட்டத்தில் பெண்கள் சிரித்த சிரிப்பில் தீர்மானம் நிறைவேறியது. காவல் ஆய்வாளர் எந்தக் கட்சி என்று கேட்டார். எந்தக் கட்சியும் இல்லை என்றதும் அவருக்குச் சந்தேகம் கூடியது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பெண்கள் கூடையோடு வந்தார்கள், கவிழ்த்தார்கள், உட்கார்ந்தார்கள். தடுத்த காவலரே நாளடைவில் அவர்களுக்கு வேப்பமரத்தடியில் இடம் பிடித்து வைக்க ஆரம்பித்தார்.

ஆட்சியர் ஒருநாள் கோப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு பெண் இருந்ததற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார். நியாயமான கேள்விதான். படம் இல்லை, கல்வெட்டு இல்லை. “ஐயா, ஒரு தடவை அந்த டவுன் பஸ்ஸில் போய் வரலாங்களா?” என்றேன். அவர் பஸ்ஸில் போகவில்லை; ஓட்டுநரை அனுப்பினார். ஓட்டுநர் திரும்பி வந்து சொன்னார்: “பாவாயி நெழல்னு கூப்பிட்டதும் ஏழெட்டுப் பேர் எறங்கறாங்கய்யா. ஏரிப் பிரிவுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல.” ஆட்சியர் சிரித்துவிட்டு, மேலே அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்கு முன்னால் இட ஆய்வு முடிந்திருந்தது. ஸ்டூலோடு போய், புளியமரம் இருந்த ரோட்டோரத்தில் இறங்கினேன். ஏறப் போனவளைச் செல்லம்மாள் தடுத்தார்.

“எதுக்குங்க ஏறறீங்க?”

“எங்க நிக்கும்னு பாக்கோணுமுங்க்கா.”

“நிக்காதுங்க அம்மிணி. உக்காந்திருக்கும்.”

அத்தனை வருட அனுபவத்தில் உட்கார்ந்திருக்கும் சிலைக்கு இட ஆய்வு செய்ததில்லை. கூடையைக் கவிழ்த்துக் கொடுத்தார்கள், உட்கார்ந்தேன். லாரிப் புகையும் புழுதியும் முகத்தில் அடித்தன. ஒரு பொட்டு நிழல் இல்லை. இங்கே உட்கார்ந்தால் பாவாயியே எழுந்து நிழல் தேடிப் போய்விடுவார் என்று தோன்றியது. ரோட்டை விட்டு இறங்கி, ஏரிக்கரைக்குக் கீழே ஊராட்சி இடத்தில், இளம் வேப்பமரம் ஒன்றின் பக்கத்தில் கூடையைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஏரிக் காற்று வந்தது. சந்தைக்குப் போய்த் திரும்பிய இரண்டு பெண்கள், யார் எவர் என்று கேட்காமல் என் பக்கத்தில் வந்து பையை இறக்கி வைத்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். இடம் முடிவாகிவிட்டது.

சென்னையிலிருந்து அரசாணை வந்ததும், சிலை செய்யத் தம்மம்பட்டிப் பக்கத்திலிருந்து ஆறுமுக ஆசாரியைப் பிடித்தோம். நல்ல மனிதர், நல்ல கை. ஆனால் அந்தக் கை அதுவரை செய்த பெண் உருவமெல்லாம் அம்மன்தான். செல்லம்மாள் அவர் முன்னால் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து காட்டினார்: தலையில் சும்மாடு, ஒரு கை முழங்காலில், ஒரு கை இடுப்பில், முழங்கை வெளியே துருத்திக்கொண்டு. முகத்துக்குப் படம் கிடையாது, உழைத்த முகமாக இருக்கட்டும் என்றோம். ஆசாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

விதிப்படி களிமண் உருவத்தைக் குழு நேரில் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். போனோம். இருட்டுப் பட்டறை. களிமண் காய்ந்து வெடிக்காமலிருக்கத் தலையிலும் அடியில் கூடையிலும் ஈரத்துணி சுற்றி வைத்திருந்தார். முகம் அழகாக இருந்தது, கை சரியாக இருந்தது, தலையில் துணியும் இருந்தது. ஈரத்துணியையே சும்மாடு என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் ஒப்புதல் கொடுத்துவிட்டு, ஆசாரி வீட்டுக் காபியையும் குடித்துவிட்டு வந்தோம்.

திறப்பு விழா. மேளம், நாற்காலி, ஊர் முழுக்கக் கூட்டம். வெளியூரில் இருந்த பழனிவேல் சாரையும் அழைத்திருந்தேன், குடையோடு வந்திருந்தார். துணியை இழுத்தார்கள். பாவாயி தலையில் கிரீடம் இருந்தது. சும்மாட்டின் சுற்றெல்லாம் அடுக்கடுக்கான கிரீடமாகி, தங்க வர்ணம் பூசி மின்னியது. கவிழ்த்த கூடை தாமரைப் பீடம் மாதிரி இதழ் விட்டிருந்தது. கூட்டத்திலிருந்து யாரோ கையைத் தூக்கிக் கும்பிட்டு, “ஆத்தா!” என்றார்கள்.

ஆசாரி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “வெறும் துணியத் தலையில வெச்சு ஒரு பொம்பளைய ஒக்கார வைக்க எனக்குக் கை வரலம்மா.” பழனிவேல் சார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க நிக்கும்னு பாத்தோம் அம்மிணி. என்னவா நிக்கும்னு பாக்காம உட்டுட்டோமே” என்றார். மாலை போட வந்தவர் மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமையே பாவாயிக்கு மஞ்சள் புடவை கட்டினார்கள். அதற்கடுத்த வெள்ளி எலுமிச்சை மாலை. எதிரே டீக்கடை வைத்திருந்த மாரிமுத்துவின் எருமை நோய் தேறி எழுந்ததும், அவர் தானாகவே விபூதித் தட்டைத் தூக்கிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. பக்தியும் வியாபாரமும் அவருக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன. உண்டியல் வந்தது. பிறகு சிலையைச் சுற்றித் தகரக் கொட்டகை போட்டு, இரும்புக் கதவு வைக்கப் போவதாகப் பேச்சு வந்தது.

கதவுப் பேச்சு வந்த அன்றுதான் செல்லம்மாள் என் அலுவலகத்துக்கு வந்தார். தனியாக வந்தார். கூடை இல்லை. அவர் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை.

“சாமியாவே இருந்துட்டுப் போகட்டுமேக்கா, கும்புடறது நல்லதுதானுங்களே” என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

“சாமி ஆக்குனா கதவு வருமுங்க அம்மிணி” என்றார். “கதவு வந்தா பூட்டு வரும். சாவி எங்க கைக்கு வராது. தூரமான நாள்ல உள்ள வராதன்னுவாங்க. மண்ணுக் காலோட வராதன்னுவாங்க. புள்ளைய நெழல்ல போடக் குதிரைய அவுத்து உட்ட பொம்பளைங்க அவ. அவள உள்ள வெச்சுப் பூட்டிட்டு எங்கள வெளிய வெயில்ல நிக்க வெச்சா, அந்த மேஸ்திரி செஞ்சதுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சட்டப்படி போலீசோடு போய்ப் புடவையையும் உண்டியலையும் அகற்றலாம். மறுநாள் ஊர் இரண்டாகும். ஆசாரிக்குப் போன் செய்து கிரீடத்தை மட்டும் செதுக்கி எடுக்க முடியுமா என்று கேட்டேன். “ஆத்தான்னு கூப்பிட்ட பொறவு உளி வெக்க மாட்டேம்மா, என்னை உட்ருங்க” என்று வைத்துவிட்டார். நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். செல்லம்மாள் எழுந்தார். “சரி, நாளைக்கு ஏரியிலதான் வேலை. மத்தியானம் வாங்க. வாரப்ப அந்த ஸ்டூலையும் எடுத்துக்குங்க” என்றார்.

உணவு இடைவேளையில் போனேன். ஏரி வேலையிலிருந்து பெண்கள் கரையேறி வந்துகொண்டிருந்தார்கள், கால் நிறைய மண்ணோடு. செல்லம்மாள் ஸ்டூலை வாங்கிச் சிலைக்குப் பக்கத்தில் போட்டார். ஆடும் காலுக்கு நான் ஒரு கல் வைத்தேன். மற்ற பெண்கள் தள்ளி நின்றார்கள். “சாமி குத்தம் ஆயிருமாக்கா?” என்று ஒருத்தி கேட்டாள். மாரிமுத்து டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

செல்லம்மாள் ஏறினார். தன் தலையிலிருந்த துணியை எடுத்தார். காலையிலிருந்து மண் சுமந்த துணி, வேர்வையில் ஊறிப் பழுப்பேறியிருந்தது. அதை முறுக்கி வளைத்துச் சுருட்டினார். “வெறுந்தலையோட எப்படிச் சொமப்பே பாவாயி? இந்தா” என்று சொல்லி, தங்கக் கிரீடம் முழுவதும் மறையும்படி அதைச் சுற்றி வைத்து, ஓர் அழுத்து அழுத்தினார். இறங்கினார். கூடையைக் கவிழ்த்துச் சிலையின் காலடியில் உட்கார்ந்தார். தூக்குப்போசியைத் திறந்தார். கருவாட்டுக் குழம்பு வாசம் ஏரி முழுக்க அடித்தது.

ஒவ்வொருவராக வந்து கூடையைக் கவிழ்த்தார்கள். எனக்கும் ஒரு கூடை கொடுத்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். சுற்றிலும் சும்மாடு வைத்த தலைகள், நடுவில் ஒரு சும்மாடு வைத்த தலை, அவ்வளவுதான். பாவாயி கொஞ்சம் உயரமாக உட்கார்ந்திருந்தார், மற்றபடி அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. எனக்கு அழுகை வந்துவிட்டது. குழம்பு காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். யாரும் நம்பவில்லை.

மறுநாளும் வந்து சாப்பிட்டார்கள், அதற்கடுத்த நாளும். அந்த வாரமே மாரிமுத்து என்னிடம் மூச்சிரைக்க வந்து நின்றார்.

“மேடம், சாமி முன்னால கருவாடு திங்கறாங்க!”

கோப்பை எடுத்து அரசாணையை அவர் முன்னால் விரித்தேன். “சாமின்னு இதுல எங்கீங்க இருக்குது? சிலைன்னுதான் போட்டிருக்குது.”

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். “அப்ப உண்டியலுங்க?”

“அதுக்குத் தனியா மனுக் குடுங்க. நீங்க முன்னால அங்க ஸ்டூல் மேல நின்னு காட்டோணும். பஸ் வர நேரத்துலதான் பாக்கறது.”

உண்டியல் அன்று மாலையே டீக்கடைக்குள் போனது. இரும்புக் கதவுப் பேச்சு தானாக அடங்கியது. வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பவர்கள் இப்போதும் வைக்கிறார்கள். அதை யாரும் தடுக்கவில்லை. மாரிமுத்துவின் மனைவியே மத்தியானத்தில் கூடைக்காரர்களோடு வந்து உட்கார்ந்து கதை பேசுகிறார் என்று கேள்வி. வாரத்துக்கு ஒரு பெண் முறைவைத்துப் பாவாயியின் சும்மாட்டை மாற்றுகிறாள். கிரீடம் இன்றைக்கும் உள்ளேதான் இருக்கிறது. புதுப் போர்டை எடுத்துவிட்டுப் பாவாயி நிழல் என்றே நட்டிருக்கிறார்கள். நான் ஓய்வுபெறுவதற்கு முன் வந்த தேர்தலில் அந்த முகத்தை மூடவும் துணியோடு போனார்கள். எந்தக் கட்சித் தலைவர் என்று செல்லம்மாள் கேட்டதற்குப் பதில் தெரியாமல் துணியைத் திரும்ப எடுத்து வந்தார்களாம்.

இதை எழுத உட்கார்ந்த சமயத்தில் சுகன்யா மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை மனு இல்லை, புகார். யாரோ படத்தோடு அனுப்பியிருக்கிறார்கள்: அரசு அனுமதி பெற்ற சிலையின் மீது தொட்டில் கட்டி அவமதிக்கிறார்கள், உடனே நடவடிக்கை எடுக்கவும். “விதிப்படி சிலை மேல எதையும் கட்டக் கூடாதுங்களேக்கா. என்னன்னு பதில் எழுதறதுங்க?” என்றாள்.

“நேர்ல பாக்காம எப்படி எழுதுவ கண்ணு? நாளைக்கு மத்தியானம் போலாம் வா” என்றேன்.

போனோம். வேப்பமரம் இப்போது நன்றாகப் படர்ந்துவிட்டது. பாவாயி இடுப்பில் கை ஊன்றி உட்கார்ந்திருக்கிறார் அல்லவா, துருத்திக்கொண்டிருக்கும் அந்த முழங்கை வளைவில் கயிற்றின் ஒரு தலைப்பு, வேப்பங்கிளையில் மறு தலைப்பு. நடுவில் வெளுத்த நீலப் புடவையில் தூளி. அதற்கு வெளியே ஒரு சின்னப் பாதம் மட்டும் தெரிந்தது. வெயில் கொளுத்தியது, தூளியின் மேல் ஒரு பொட்டு வெயில் இல்லை. ஏரிக்குள்ளே பெண்கள் மண் சுமந்துகொண்டிருந்தார்கள். கரை மேலிருந்து குழந்தையின் தாய் இங்கே ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கூடையைத் தூக்கினாள்.

சுகன்யா அங்கேயே நின்று புகார்த் தாளைத் திருப்பி எழுதினாள். எட்டிப் பார்த்தேன். ‘நேரில் ஆய்வு செய்யப்பட்டது. சிலை பணியில் உள்ளது. நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதியிருந்தாள். எழுதியதை ஒரு முறை படித்தவள், நடுவரியை அடித்துவிட்டு மேலே திருத்தினாள்.

‘பாவாயி பணியில் உள்ளார்.’